கொலுசு கழுவ என்ன ஊற்றுவது?

மகள் கோவையிலிருந்து ஒரு அல்ட்ராசோனிக் கிளீனர் அனுப்பியிருக்கிறாள். தண்ணீரை அதிரவைத்து அழுக்கை எடுக்கும் சின்ன மெஷின்.

"அம்மா கொலுசு கறுத்துப் போச்சுல்லப்பா, அதுல போடுங்க" என்றாள்.

எதை ஊற்றுவது என்பதுதான் குழப்பம். இணையத்தில் ஒருவர் ஸ்பிரிட் என்கிறார், இன்னொருவர் வினிகர் என்கிறார்.

இன்று காலை விருதுநகர் பஜாரில் ஸ்பிரிட் கேட்டேன். எதற்கு என்றார் கடைக்காரர். வீட்டுக்காரி கொலுசைக் கழுவ என்று மெஷின் கதையைச் சொன்னேன்.

பக்கத்தில் நின்ற பெண் பதறிவிட்டார். பட்டாசு கம்பெனியில் வேலையாம்.

"அண்ணாச்சி, சூடேறுற மெஷின்ல ஸ்பிரிட்ட ஊத்துவீகளா? குப்புனு பத்திக்கிரும். தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விடுங்க, போதும்."

"வெள்ளிக்கு அது போதுமாம்மா?"

"கறுப்பு கொஞ்சம் நிக்கும். இடுக்குல இருக்க மஞ்சளு, அழுக்கு அம்புட்டும் போயிரும். அக்காகிட்டச் சொல்லுங்க, அவுகளே செஞ்சுருவாக."

தலையாட்டினேன். அக்கா போய்ச் சேர்ந்து ஏழு மாதமாகிறது என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, அந்தப் பெண் சொன்னபடியே ஊற்றிவிட்டு, பெட்டியிலிருந்து கொலுசை எடுத்தேன். இடுக்கெல்லாம் அவள் காலில் பூசிய மஞ்சள் காய்ந்து கிடந்தது. திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

ஊற்றியது வீணாக வேண்டாமென்று என் மூக்குக்கண்ணாடியை மெஷினில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று ஆகிவிட்டது. மாட்டிக்கொண்டு பார்த்தால், வீட்டில் யாருமில்லை என்பது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

மகள் நாளை போனில் கேட்பாள். கொலுசு ஏன் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது என்பதற்கு, நம்புகிற மாதிரி ஒரு பொய் இருந்தால் சொல்லுங்கள்.