மூச்சை இழுத்துப் பிடிங்க, பதில் சொல்லாதீங்க

நெஞ்சு சி.டி. ஸ்கேன் எடுப்பதில் மெஷினுக்கு இருக்கும் வேலை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வாய் வேலை.

நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி இருக்கும் ஒரு சின்ன ஸ்கேன் சென்டரில் நான் டெக்னீஷியன். சுரங்கக் குவார்ட்டர்ஸிலிருந்து பர்மனென்ட் ஆட்கள், சுற்றுக் கிராமங்களிலிருந்து கான்ட்ராக்ட் ஆட்கள், பண்ருட்டி வியாபாரிகள், குறிஞ்சிப்பாடி நெசவாளிகள் என்று எல்லா ஊர் நெஞ்சும் எங்கள் மேஜையில் வந்து படுக்கும். முன்னால் ரிசப்ஷனில் இருப்பவர் ரஹ்மத் அக்கா. என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று போனிலேயே ஒவ்வொருவரிடமும் பாடம் நடத்திவிடுவார். எல்லோரும் "ம்... ம்..." என்று கேட்டுக்கொள்வார்கள். அந்த "ம்"மை நம்பி ஏமாந்தவள் எழுதுவது இது. ஸ்கேன் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்காகவும்தான்.

சாப்பாடு வேறு, வியாபாரம் வேறு

மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன் என்றால், சில மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் வரச் சொல்வோம். மருந்து உள்ளே போகும்போது சிலருக்குக் குமட்டும். வயிறு நிறைந்திருந்து, மல்லாந்து படுத்த நிலையில் வாந்தி வந்தால் வம்பு. மருந்து இல்லாத ஸ்கேனுக்கு இந்தப் பட்டினி தேவைப்படாது. உங்களுக்கு எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். "காலையிலேர்ந்து பச்சத் தண்ணி படல" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஊசி போடக் குனிந்தால் கமகமவென்று பலா வாசனை. கேட்டேன். "மண்டிக்காரன் மேல மல்லிப்பூவா மணக்கும்?" என்றார். நியாயம்தான். பழத்தையே கட்டிப்பிடித்துத் தூக்கி இறக்குகிறவர். அடுத்த நிமிஷம் ஒரு ஏப்பம் விட்டார் பாருங்கள், அறை முழுக்கப் பண்ருட்டி சந்தை.

"பழம் இனிப்பா இருக்கான்னு வாங்க வந்த பார்ட்டி கேட்டாரு. வாயில போடாம எப்பிடிச் சொல்றது?" என்று இழுத்தார். "ஒரு சுளை போதாதா?" என்றேன். "மேல் பக்கம் இனிக்கும், அடிப்பக்கம் சப்புனு கெடக்கும். பூராத்தையும் பாத்துத்தான் சொல்லணும்." அவரைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்தேன். முறைத்துக்கொண்டே எழுந்தவர், வாசல் வரை போய்த் திரும்பி, என்னிடம் இல்லை, ரஹ்மத் அக்காவிடம் நியாயம் கேட்டார்: "சாப்பாடுன்னா சோறும்மா. நான் பண்ணது வியாபாரம்."

கழுத்து மாறிய தாலி

நெஞ்சு ஸ்கேனுக்குக் கழுத்தில், மார்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது. சங்கிலி, தாயத்து, கொக்கி வைத்த உள்ளாடை எல்லாம் படத்தில் வெள்ளைக் கோடு கோடாக விழுந்து பின்னால் இருப்பதை மறைத்துவிடும். இதை விளக்குவது சுலபம். தாலி என்று வரும்போதுதான் என் நாக்கு உலர்ந்துபோகும்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து தறி நெய்யும் ஒரு தம்பதி. அந்த அம்மாவுக்குத்தான் ஸ்கேன், நாள்பட்ட இருமல். "கட்டினதுலேர்ந்து இத நான் கழட்டினதே கெடயாது" என்று இரண்டு கையாலும் தாலியைப் பொத்திக்கொண்டார். பையில் வைக்க மாட்டார், என்னிடம் தர மாட்டார், சாமி படத்துக்கு மாட்டலாமா என்றால் அந்தச் சாமி யார் என்று விசாரிக்கிறார். கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். வெளியில் இருந்த புருஷனைக் கூப்பிட்டு, "குனிய்யா" என்றார். அந்த மனிதரும் குனிந்தார். தாலியைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டுவிட்டு, அந்த அம்மா நிம்மதியாக வந்து படுத்தார்.

ஸ்கேன் சீக்கிரம் முடிந்துவிட்டது. வெளியே புருஷன் சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு, மஞ்சள் கயிறு எட்டிப் பார்க்க, வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். பக்கத்து நாற்காலிக்காரர், "உங்க பக்கம் ஆம்பளைங்களும் போட்டுக்குவீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். மனைவி வெளியே வந்ததும், "சீக்கிரம் வாங்கிக்க" என்று தவித்தார். அந்த அம்மா கண்ணாடி முன்னால் நின்று சாவகாசமாகக் கொண்டை போட ஆரம்பித்தார். "இருய்யா. இத்தினி வருஷம் நான் போட்டுக்கினு இருக்கல? நீ கொஞ்ச நேரம் போட்டுக்கினு இருந்தா இன்னா?"

பேசாமல் கிடப்பது மரியாதையா?

மூச்சை உள்ளே இழுத்து, கொஞ்ச நேரம் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். நெஞ்சு ஸ்கேனில் நோயாளி செய்யவேண்டிய வேலை இது ஒன்றுதான். மூச்சு விட்டால் நுரையீரல் அசையும், படம் கலங்கிவிடும். எங்கள் மெஷினில் என் குரலையே பதிவு செய்து வைத்திருக்கிறோம். "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... இப்ப விடுங்க."

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் மேஜையில் படுத்தார். படம் கலங்கி வந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடியும் கலங்கல். கண்ணாடி வழியாகப் பார்த்தால் உதடு அசைகிறது. மந்திரம் சொல்கிறாரோ என்று மைக்கைத் திறந்து காது கொடுத்துக் கேட்டேன். மெஷின் "மூச்சை நல்லா இழுங்க" என்கிறது. அவர் "சரிம்மா" என்கிறார். "அப்படியே பிடிங்க" என்கிறது, "ஆகட்டும்மா" என்கிறார். பிடித்த மூச்செல்லாம் அந்த "ஆகட்டும்மா"வில் போய்விடுகிறது.

உள்ளே ஓடி, "ஐயா, அது பதிவு பண்ண குரல். அதுக்குப் பதில் சொல்ல வேணாம்" என்றேன். அவருக்கு மனசு ஒப்பவில்லை. "ஒரு பொம்பளப் புள்ள இவ்ளோ மரியாதயா 'இழுங்க, பிடிங்க'ன்னு சொல்லுது. வாயத் தொறக்காம கெடந்தா திமிரு புடிச்சவன்னு நெனைக்காதா?" வேண்டுமானால் தலையை ஆட்டலாமா என்றார். அதுவும் கூடாது என்றேன். ஒருவழியாகப் படம் எடுத்து அனுப்பினால், ஊர் போய்ச் சேர்ந்தவர் ரஹ்மத் அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறார். "அந்தப் பொண்ணு கடைசியா 'இப்ப விடுங்க'ன்னுச்சு, நான் பதிலே சொல்லாம வந்துட்டேன். வுட்டுட்டேன்னு சொல்லிடும்மா."

பாய்லருக்கே சூடு

மருந்து ஏற்றும்போது உடம்பெல்லாம் குபீரென்று சூடு பரவும். வாயில் இரும்பைக் கடித்த மாதிரி ஒரு ருசி. அதோடு, ஒன்றுக்குப் போய்விட்டது போலவே தோன்றும், ஆனால் போயிருக்காது. எல்லாம் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அரிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் மட்டும் உடனே சத்தம் போட்டுச் சொல்லுங்கள். அலர்ஜி, கிட்னிக் கோளாறு, சுகர் மாத்திரை என்று முன்னாலேயே குடைந்து குடைந்து கேட்போம். அதை மட்டும் கௌரவம் பார்த்து மறைக்காதீர்கள்.

பவர் ஹவுஸில் பாய்லர் பக்கமே காலம் தள்ளி ரிட்டயர் ஆன ஒருவர். மீசை அய்யனார் கோயிலில் இருக்க வேண்டியது. நான் சூடு என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "எங்கிட்டயாம்மா சூடு பத்திப் பேசற?" மிச்சத்தைக் கேட்கவே இல்லை.

மருந்து உள்ளே போனது. மீசை துடித்தது. ஸ்கேன் முடிந்து, "எழுந்திரிங்க சார்" என்றால் எழவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. "நீ வெளிய போம்மா. எம் பையன வரச் சொல்லு. வேற வேட்டி எடுத்துக்கினு வரச் சொல்லு" என்றார் கூரையைப் பார்த்து. "சார், ஒண்ணும் ஆகல. மருந்தோட வேலை அது. தொட்டுப் பாருங்க" என்று திரும்பி நின்றுகொண்டேன். பின்னால் வேட்டியைத் தடவிப் பார்க்கும் சத்தம். பிறகு ஒரு நீண்ட பெருமூச்சு. "பாய்லர் வெளிய இருந்தா எத்தினி வேணா சமாளிக்கலாம்மா. இது உள்ள பூந்துடுச்சு."

என் மூஞ்சி ரிப்போர்ட் இல்லை

ஸ்கேன் முடிந்து நான் கதவைத் திறந்ததும் குடும்பமே என் முகத்தைப் படிக்கும். ரிப்போர்ட் எழுதுவது டாக்டர். நான் படம் மட்டுமே எடுப்பவள். சிரித்தால் நல்ல சேதி, சிரிக்காவிட்டால் கெட்ட சேதி என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

முருகவேலுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. பல வருஷம் காத்திருந்து பர்மனென்ட் ஆகும் நேரம். மெடிக்கல் பரிசோதனையில் எடுத்த எக்ஸ்ரேயில் இடது நுரையீரலில் வட்டமாக ஒரு நிழல். சி.டி. எடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். மனைவி தேன்மொழி அழுது அழுது கண் வீங்கி வந்திருந்தார். "குகை மாதிரி உள்ள வச்சு மூடிடுவாங்களாக்கா?" என்றார் முருகவேல். "இல்லப்பா, பெரிய வளையம்தான். ரெண்டு பக்கமும் தொறந்துதான் இருக்கும்" என்றேன். படுத்தார். "வேல போனாக் கூடப் பரவால்லக்கா. பொண்ணு சின்னது" என்று மட்டும் சொன்னார். ஸ்கேனுக்காக அவர் கையைத் தலைக்கு மேல் தூக்கிவைத்துவிட்டு வந்தேன்.

அன்று எனக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி கதவைத் திறந்தேன். தேன்மொழி என்னைப் பார்த்தார். "ஐயோ!" என்று ஒரே அலறல். ஹாலே எழுந்து நின்றது. "பல்லு வலிம்மா, பல்லு!" என்று நான் வாயைத் திறந்து காட்டுகிறேன்; யார் கேட்பது? பக்கத்தில் இருந்த பெண்களும் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

சத்தம் கேட்டு, படம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவே எழுந்து வந்தார். தேன்மொழியையும், பின்னாலேயே எழுந்து வந்த முருகவேலையும் உட்காரவைத்தார். "நுரையீரல் சுத்தமா இருக்கு. எக்ஸ்ரேல தெரிஞ்ச வட்டம் உள்ள இல்ல, வெளிய இருக்கு. மார்க்காம்பு. சில சமயம் அது இப்படி நிழலா விழும், அதான் சந்தேகத்துக்கு சி.டி. எடுக்கறது." முருகவேல் மெதுவாகச் சட்டைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டார். தேன்மொழி சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். என் பல்வலி எங்கே போனது என்று தெரியவில்லை.

மெடிக்கல் பாஸாகி, ஆர்டர் கைக்கு வந்ததும், மகளையும் கூட்டிக்கொண்டு இனிப்புப் பெட்டியோடு வந்தார்கள். ரஹ்மத் அக்கா சும்மா இருக்காமல், "நிழல் இப்ப சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டார். முருகவேல் வெட்கப்பட்டுச் சிரித்தார். "ஆம்பளைக்கு இது எதுக்குன்னு ரொம்ப நாளா யோசிச்சிக்கினு இருந்தேன்க்கா. வேலைக்கு உலை வைக்கத்தான் போல."

நெஞ்சுக்குள் இருப்பதைப் படம் எடுக்க மெஷினுக்கு ஒரு மூச்சு நேரம் போதும். அந்த நெஞ்சைச் சமாதானப்படுத்தி மேஜையில் படுக்கவைப்பதற்குள் எனக்குத்தான் மூச்சு வாங்கிவிடுகிறது.