கர்னலின் பல்செட்

என் சித்தி பல்செட் செய்கிறவள். வீட்டின் முன்னறைதான் பட்டறை: சாயும் நாற்காலி ஒன்று, மெருகேற்றும் மோட்டார், அலமாரி நிறைய பிளாஸ்டர் தாடைகள். மூத்த மகன் போன போரில் செத்தபோதுகூடச் சீக்கிரமே கடையைத் திறந்துவிட்டாள். "ஊர் சாப்பிடணுமே" என்றாள்.

அந்தப் போருக்கு ஊரைக் கிளப்பிவிட்டவர் கர்னல். துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. முறுக்கிய மீசைக்குக் கிடைத்த பட்டம். பக்கத்து நாட்டுச் சர்வாதிகாரி மேல் அவருக்கு அப்படியொரு மோகம். இப்போது அவன் தொடங்கியிருக்கும் போரில் நாமும் சேர வேண்டுமாம். அன்று மாலை நகர மன்றத்தில் வாக்கெடுப்பு. தீர்மானம் ஜெயித்தால் சித்தியின் இளைய மகன் படைக்குப் போயாக வேண்டும்.

காலையில் கர்னல் உடைந்த பல்செட்டைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்தார்.

"சாயங்காலம் பேசணும்மா. எப்படியாவது முடிச்சுக் குடு."

"உட்காருங்கண்ணே. புதுசா அளவு எடுத்துடலாம்."

அந்தச் சர்வாதிகாரியின் நாட்டில் நான் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவள். கர்னல் என் பக்கம் திரும்பினார். "அங்க எவனாவது எதிர்த்து வாயைத் திறப்பானா?"

"பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்ககூடப் பேச மாட்டாங்க."

"அதான் கட்டுப்பாடு!"

சித்தி அளவெடுக்கும் மாவைக் குழைத்து, தாடை வடிவத் தட்டில் நிரப்பி, அவர் வாய்க்குள் அழுத்தினாள். அது இறுகும்வரை பேச முடியாது.

"அசையாதீங்கண்ணே, அளவு கெட்டுடும். போன தடவை மேடையில வீட்டுக்கு ஒரு பிள்ளைன்னு கேட்டீங்க. என் பிள்ளை கை தட்டிட்டுப் போனான். உங்க பிள்ளைக்கு அன்னிக்குன்னு பார்த்து இடுப்பு பிடிச்சுக்கிச்சு. இப்ப தேவலையா?"

கர்னலின் கண் பிதுங்கியது. தொண்டையில் ஏதோ சத்தம்.

"கட்டுப்பாடு, அண்ணே, கட்டுப்பாடு."

மாவு இறுகிய பிறகும் சித்தி விரலை எடுக்கவில்லை.

பல்செட் பொழுதோடு தயாராகிவிட்டது. கர்னல் வாங்க வருவதற்குள் அதைத் துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டு, கடையைப் பூட்டிவிட்டு, மன்றத்தின் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

கர்னல் பொக்கை வாயோடு மேடையேறினார். வெறும் காற்றுதான் வந்தது.

"குழந்தைக்குப் பால் குடுங்கப்பா!" என்று யாரோ கத்த, மன்றமே சிரித்தது. சித்தி அவரைப் பார்த்துக் கைப்பையைத் தட்டிக் காட்டினாள். வேறு வழியில்லாமல் அவர் மகன் எழுந்து பேச்சுத் தாளை வாங்கினான்.

"தம்பி, படைக்குப் போற பட்டியல்ல முதல் பேரு உன்னோடதா?" சித்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

அவன் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போனது. இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. தீர்மானம் தோற்றது.

திரும்பும் வழியில், "பாவம் சித்தி, வயசானவர்" என்றேன்.

"என் பிள்ளைக்கு வயசே ஆகலையே."

பல்செட்டை எப்போது கொடுப்பாய் என்று கேட்டேன்.

"பக்கத்து நாட்டுப் போர் முடியட்டும்."

இன்னும் முடியவில்லை. கர்னல் எதையும் ஊறவைத்துத்தான் தின்கிறார்.