புற மண்டலத்துக்கு ஓரம் இல்லை

கொட்டாஞ்சேனையில் முதல் நன்மை எடுத்த பெண்பிள்ளைகளில் பாதிப்பேர் இமெல்டா தைத்த சட்டையில்தான் தேவாலயத்துக்குள் போயிருப்பார்கள். ஓரம் மடித்து அடிக்காத துணி அவள் வாசலைத் தாண்டியதில்லை.

அப்படியிருக்க, பாடசாலை விஞ்ஞான தினத்துக்குச் சட்டை தைக்க ஐந்து சிறுமிகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார் ஷெரோமி டீச்சர்.

“இமெல்டா அக்கா, இவை அஞ்சு பேரும் வளிமண்டலம். கீழ மாறன் மண்டலம், அதுக்கு மேல படை மண்டலம்...”

“படை எண்டா ஆமித் துணியோ? அதைத் தைச்சா என்னையல்லோ பிடிச்சுக்கொண்டு போவாங்கள்.”

படை என்றால் அடுக்கு என்று டீச்சர் சிரித்துக்கொண்டே விளங்கப்படுத்தினார். ஓசோன் இருக்கிற இடம், நீலத் துணி போதும்.

மாறன் மண்டலத்துக்கு மேகமும் மின்னலும் வைத்தாள். இடை மண்டலம் கடுங்குளிர் என்றதால் வெள்ளை. வெப்ப மண்டலத்துக்குச் சிவப்பு, உடம்பெல்லாம் மினுக்கிச் சில்லுகள். ஐந்தாவதான புற மண்டலத்தில்தான் சிக்கல்.

“இதுக்கு எல்லை இல்ல அக்கா. காத்து ஐதாகி, மெலிஞ்சு மெலிஞ்சு அப்பிடியே விண்வெளியோட சேர்ந்திடும்.”

“எல்லை இல்லாட்டி நான் எங்க மடிக்கிறது?”

“மடிக்க வேண்டாம்.”

இமெல்டாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருமுறை மடித்து அடித்துவிட்டு, மனமில்லாமல் பிரித்தாள். கடைசியில் மெல்லிய சல்லாத் துணியை வெட்டியபடியே, நூல் தொங்க விட்டுவிட்டாள்.

புற மண்டலமான லவினாவின் தாய் எவ்லின் அளவு பார்க்க வந்தாள்.

“என்ன அக்கா, பாதியில விட்டிருக்கிறீங்க? எப்ப முடியும்?”

“முடியாது எவ்லின். மேல அது அப்பிடித்தான்.”

விழா அன்று, தொங்கிய நூல் வெப்ப மண்டலத்தின் மினுக்கியில் மாட்டிக்கொண்டது. லவினா நடக்க, சிவப்புச் சட்டைக்காரியும் இழுபட்டுக்கொண்டே வந்தாள். பின்வரிசையில் இமெல்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஷெரோமி டீச்சர் மைக்கைப் பிடித்தார். “பார்த்தீங்களா, இந்த ரெண்டுக்கும் நடுவில மதில் ஒண்டும் இல்லை.”

மண்டபமே கைதட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது எவ்லின்தான்.

அந்த நத்தார் பண்டிகைக்கு மூன்று தாய்மார் ‘புற மண்டல மொடல்’ கேட்டு வந்தார்கள். இமெல்டா மூவருக்கும் ஓம் என்றாள். ஒருத்தி மட்டும் உள்ளே லைனிங் போடச் சொன்னாள்.