லண்டனுக்குப் போகாத தம்பி

என் தம்பி சட்டம் படித்தவன். சென்னையில் பட்டம் வாங்கி வந்தான். அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு கோலாலம்பூர் நீதிமன்றத்தில் வழக்காட முடியாது, லண்டனில் மேல்படிப்பு முடித்து வர வேண்டும் என்றார்கள். அவன் அங்கே எழுதிக் கேட்டான். இடம் தருகிறோம் என்று பதில் வந்தது. வருகிறேன் என்று ஒப்புக்கொண்டும் எழுதிவிட்டான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பு முழுவதும் அன்றைக்கே செய்தி பரவியது. ரயில்வே சாமான் கிடங்கில் ஆணியும் திருகும் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதுவரை என்னை நிமிர்ந்து பார்க்காத, கணக்கெழுதும் கிராணிமார்கூட "அப்புக்காத்தின்ர அண்ணை" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தார் வழக்கறிஞரை அப்புக்காத்து என்றுதான் சொல்வோம்.

அந்த நாட்களில் தம்பி குளிக்கும்போது ஆங்கிலத்தில் வழக்குப் பேசுவான். வாளித் தண்ணீரை ஊற்றுவதும் வாதாடுவதுமாகச் சத்தம் வெளியே கேட்கும்.

"கெதியாய்த் தீர்ப்பை வாங்கும் ஐசே, நீதவான் நனைஞ்சு போனார்" என்று பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் நின்று கத்துவார். எனக்குச் சிரிப்பும் வரும், பெருமையாகவும் இருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கடைக்காரர் கேட்காத சாமானைக் கட்டிக் கொடுத்தால்கூட ஒன்றும் சொல்லாமல் வாங்கி வந்துவிடுவேன். பெற்றோர் போன பிறகு வீட்டில் நானும் தம்பியும்தான். முப்பத்தைந்து வயது கடந்தும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

அப்போதுதான் கிள்ளானிலிருந்து சம்பந்தம் வந்தது. பெண்ணின் தகப்பனார் அரசாங்கத்தில் பெரிய கிராணியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் இளைய மகளைத் தம்பிக்குக் கொடுத்து, லண்டன் செலவு முழுவதையும் தானே ஏற்பதாகச் சொல்லியனுப்பினார். அவ்வளவு பணத்துக்கு எங்களுக்கு வேறு வழி கிடையாது. ஆனால் மூத்தவள் இருக்க இளையவளுக்குத் தாலி ஏறக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். மூத்தவளுக்கு முப்பது வயதாகியிருந்தது. ஆகவே மூத்தவளை எனக்கும் இளையவளைத் தம்பிக்குமாக ஒரே பந்தலில் இரண்டு கல்யாணங்களையும் முடித்துவிடலாம் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனோம். எல்லோரும் தம்பியைச் சுற்றி உட்கார்ந்து லண்டன் குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலியில் ஒதுங்கியிருந்தேன். மூத்த பெண்தான் எனக்குத் தேநீர் கொண்டுவந்தாள். மெலிந்த, உயரமான பெண். நான் ஒரு வாய் குடித்த பிறகும் அவள் போகவில்லை.

"சீனி போதுமோ?"

"ஓம், போதும்."

அவள் என் கோப்பையைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"நான் சீனி போட மறந்துபோனன். நீங்கள் போதும் எண்டுறியள்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். "இப்பிடி ஒரு மனிசனுக்குச் சமைக்கிறது நல்ல சுகம்" என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். என்னை வைத்து ஒரு பெண் வேடிக்கை பேசியது அதுதான் முதல் தடவை. அந்தச் சீனியில்லாத தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

புறப்படும் நேரத்தில் பெண்களின் தாய்மாமன், குண்டான மனிதர், தம்பியின் முதுகில் தட்டினார்.

"பாசாரிலை பெரிய மீன் வாங்கினால் ஒரு நெத்தலியும் சேர்த்துப் போடுவாங்கள்தானே? எங்கட மூத்த பெட்டைக்கும் இப்பிடி ஒண்டு தேறிச்சுது."

எல்லோரும் சிரித்தார்கள். நெத்தலி நான்தான். எனக்கு அது வலிக்கவில்லை. என் நினைப்பெல்லாம் அந்தக் கோப்பையில் இருந்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. திரும்பும் ரயிலில் அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். பயணத்தை நினைத்துக் கவலைப்படுகிறான் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

சில நாள் கழித்து நான் வேலை முடிந்து வந்தபோது அவன் வாசற்படியில் நின்றிருந்தான்.

"அண்ணை, நான் லண்டனுக்குப் போகேல்லை. இடம் வேண்டாம் எண்டு தந்தி அடிச்சிட்டன். கிள்ளானுக்கும் சொல்லியனுப்பிட்டன்."

கையிலிருந்த சாப்பாட்டு அடுக்கைக் கீழே வைத்தேன்.

"ஏன்ரா?"

"உங்களை நெத்தலி எண்டவங்கள். நீங்கள் அதுக்கும் சிரிக்கிறியள். உங்களை மிச்சச் சாமான் மாதிரித் தள்ளிவிட்டு அவங்கட காசிலை நான் கப்பலேறுறதோ? எனக்கு அந்தப் படிப்பு வேண்டாம்."

"அது பகிடிக்குச் சொன்னதடா."

"நீங்கள் எல்லாத்தையும் பொறுப்பியள். நான் பொறுக்கமாட்டன்."

அவன் கண்கள் கலங்கியிருந்தன. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்காக இவ்வளவு பெரிய ஒன்றை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பவனிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

"சாப்பிட்டனியோ?" என்றுதான் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு, சிநேகிதர் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிள்ளானுக்குப் போனேன். என் வாழ்க்கையில் நானாக ஒன்றைக் கேட்கப் புறப்பட்டது அந்த ஒரு தடவைதான். தம்பி இல்லாவிட்டாலும் மூத்தவளை எனக்குத் தருவீர்களா என்று கேட்க வேண்டும். ரயில் முழுவதும் அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். கிராணியார் என்னை மரியாதையாகவே உட்காரவைத்தார்.

"ஐயா, நான் வந்தது... மூத்தவ..." என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வரவில்லை.

அவர் கையை உயர்த்தினார். "விளங்குது. தம்பிக்காகக் கெஞ்ச வந்திருக்கிறியள். வேண்டாம். அவர் படிச்சவர், தன்ர முடிவைச் சொல்லிப் போட்டார். நீங்கள் நல்ல மனிசன். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டார். தேநீரை வேலைக்காரக் கிழவி கொண்டுவந்தாள். உள்கதவின் திரைச்சேலை அசைந்தது. யாரும் வெளியே வரவில்லை. ஒரு வாய் குடித்தேன். சீனி அள்ளிப் போட்டிருந்தது. பாகு போல இருந்தது. யார் போட்டது என்று எனக்குத் தெரியும். அடிவரை குடித்தேன். குடித்து முடித்ததும் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். ரயிலடிக்கு நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கையில் குடை இருந்தும் விரிக்கத் தோன்றவில்லை.

பிறகு அவளைச் சிரம்பானில் மனைவியை இழந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். இளையவள் ஒரு டாக்டரைக் கட்டினாள்.

தம்பி ஒரு வழக்கறிஞரின் கந்தோரில் எழுத்து வேலைக்குப் போனான். மற்றவர்கள் நின்று பேச வேண்டிய வழக்குகளுக்கு இவன் தாள் தயார் செய்து கொடுக்கிறான். லண்டனில் மறுபடியும் இடம் கேட்கவில்லை. கல்யாணமும் செய்யவில்லை, அண்ணனுக்கு ஆகாமல் தனக்கு எதற்கு என்கிறான். குளிக்கும்போது இப்போது தண்ணீர் விழும் சத்தம் மட்டுந்தான் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரரும் மாற்றலாகிப் போய்விட்டார். மாலையில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஒருவர் தலையில் மற்றவர் நரை எண்ணலாம், அவ்வளவு கிட்டத்தில்.

போன மாதம் ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், கெட்டிக்காரன் நீ ஏன் லண்டனுக்குப் போகவில்லை என்று அவனைக் கேட்டார்.

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் முகத்தில் பழைய களை வருவது இந்தக் கேள்விக்கு மட்டுந்தான்.

"என்ர அண்ணையைக் குறைச்சுப் பேசின இடத்திலை கைநீட்டி நான் படிக்கிறதோ? அதுதான் விட்டனான். இண்டைக்கும் அதிலை எனக்குக் கவலையில்லை. கேட்டுப் பாருங்கோ அண்ணையை."

உறவினர் என் பக்கம் திரும்பினார். தம்பியும் பார்த்தான். வாழ்க்கையில் அவன் கையில் மிஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான். அதையும் நான் எப்படிப் பிடுங்குவேன்?

"ஓம்" என்றேன்.

"இப்பிடி ஒரு தம்பி கிடைக்கக் குடுத்து வைச்சிருக்க வேணும்" என்றார் உறவினர்.

அதற்கும் ஓம் என்று சொல்லிவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைக்க எழுந்து போனேன்.