இமெல்டா மாமி கேட்ட அழுகை

கடந்த நவம்பர் இரண்டாம் திகதி, இருபத்தொரு வருடங்களில் முதல் தடவையாக, புளோறன்ஸ் தன் அப்பாவின் கல்லறைக்குப் போகவில்லை. மரித்தோர் தினத்தில் பாதிக் கொட்டாஞ்சேனை மெழுகுதிரியும் பூவுமாக மாதம்பிட்டி மயானத்தில் நிற்கும். அவள் வீட்டிலேயே இருந்து உடுப்புத் தோய்த்தாள். சுவரில் இருந்த அப்பாவின் படத்தை ஒரு கிழமைக்கு முன்பே கழற்றி, முகம் கீழே இருக்கும்படி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள்.

மத்தியானம் தொலைபேசி அடித்தது. வெள்ளவத்தையில் தனியாக இருக்கும் இமெல்டா மாமி. அப்பாவின் தங்கை, வயது எழுபத்தெட்டு.

"நான் தனிய நிண்டு பத்தவச்சிட்டு வாறன். உனக்கென்ன, காய்ச்சலே?"

"இல்லை மாமி. வேலை."

"அண்ணனுக்கு ஒரு மெழுகுதிரி பத்தவைக்க நேரமில்லாத வேலை. பென்சன் எடுத்தாப் பிறகு உனக்கு எந்த ஒபிஸ்?"

உங்கள் அண்ணனுக்கு ஒல்லாந்தில் இன்னொரு மகள் இருக்கிறாள் என்று புளோறன்ஸ் எப்படிச் சொல்வது?

கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் முப்பது வருடம் தட்டெழுதியவள் அவள். கலியாணம் செய்யவில்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. ஓய்வுபெற்ற பிறகு குடும்ப வரலாறு தேடத் தொடங்கினாள். பழைய படங்களும் பத்திரங்களும் எண்பத்துமூன்று கலவரத்தில் மாமியின் பாமன்கடை வீட்டோடு எரிந்துபோனதால், கத்தோலிக்கக் கோவில் பதிவேடுகளைப் பார்த்துப் பார்த்துப் பெரியதொரு தாளில் குடும்ப மரம் வரைந்தாள். ரொறன்ரோவிலிருந்து லீவில் வந்த அடுத்த வீட்டு றொஹான் இரண்டு சிறு மரபணுப் பரிசோதனைப் பெட்டிகள் கொண்டுவந்து கொடுத்தான். "துப்பி அனுப்பினாப் போதும் அக்கா, உங்கட சொந்தக்காரர் உலகத்தில எங்க இருந்தாலும் காட்டும்." ஒன்றில் அவள் துப்பினாள். மற்றது மேசை லாச்சிக்குள் கிடந்தது.

ஒக்டோபரில் முடிவு வந்தது. முகம் தெரியாத தூரத்துச் சொந்தங்களின் நீண்ட பட்டியல். எல்லோருக்கும் மேலே ஒரு பெயர்: சாமினி, நெதர்லாந்து, வயது நாற்பது. இருவருடைய மரபணுவிலும் நான்கில் ஒரு பங்கு ஒன்றே. பெரும்பாலும் பாதிச் சகோதரி, அதாவது தாய் தகப்பனில் ஒருவர் மட்டும் பொது, என்று பரிசோதனைக் கம்பனியின் இணையத்தளம் எழுதியிருந்தது.

அதே இரவு அந்தத் தளத்திலேயே சாமினியிடமிருந்து கடிதம் வந்தது. எண்பத்துநான்கு பெப்ரவரியில் கொழும்பில் பிறந்து, ஐந்து கிழமைக் குழந்தையாகத் தத்துக் கொடுக்கப்பட்டவள். பத்திரத்தில் தாய் என்று எழுதியிருந்த பெண்ணைப் பத்து வருடம் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். பரிசோதித்துப் பார்த்தபோது அந்தப் பெண்ணுக்கும் அவளுக்கும் எந்த உறவும் இல்லை. யாரோ காசு கொடுத்துக் கையொப்பம் வைக்கச் சொன்னார்கள் என்று அந்தப் பெண் அழுதாளாம். கடிதத்தின் கடைசி வரி: நீங்கள் என் அக்காவா?

புளோறன்ஸின் அம்மா எண்பதிலேயே இறந்துவிட்டாள். ஆகவே அப்பாதான். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் கிளாக்கராக இருந்து, பதினாலு வயது மகளின் பள்ளிக்கூட உடுப்பைத் தானே தோய்த்து இஸ்திரி போட்டு, மறுமணம் பற்றிப் பேசியவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிய ஒஸ்வால்ட். அவருக்கு ஒரு பெண்ணோடு தொடர்பு இருந்திருந்தால் அதில் புளோறன்ஸுக்குக் கோபமில்லை. மனிதர்தானே. ஆனால் பிறந்த பிள்ளையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, இவளுக்குத் தலைபின்னி விட்டிருக்கிறார். மரத்தில் அப்பாவின் பெயருக்குக் கீழே, தன் பெயருக்குப் பக்கத்தில், பென்சிலால் சாமினி என்று எழுதினாள். பிறகுதான் படத்தைக் கழற்றினாள்.

நவம்பர் நடுப்பகுதியில், மாளிகாவத்தை மாடிவீட்டில் இருக்கும் தன் சிநேகிதி ஜெஸீமாவிடம் போனாள். ஜெஸீமா உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர்.

"முப்பத்தஞ்சு வருஷம் படிச்சிக் குடுத்தேன். பெயில் விட்ட புள்ளயும் இப்படி மொகத்தத் தூக்கி வெச்சிட்டு வந்ததில்ல" என்றார் ஜெஸீமா. "செல்லுங்க."

புளோறன்ஸ் சொன்னாள். ஜெஸீமா கேட்டுக்கொண்டே இரண்டு முறுக்கைத் தின்று முடித்தார்.

"அந்த வெப்சைட் செல்றத்த வெச்சி மௌத்தாகிக் கல்லறையில கெடக்கிற மனுசனுக்குத் தீர்ப்பும் குடுத்தாச்சி. அவருக்காக வாதாட ஆரையும் கூப்பிடல்லயா?"

"நாலில ஒண்டு ஜெஸீமா. கணக்குப் பொய் சொல்லுமே?"

"கணக்குப் பொய் செல்லாது. அது காட்டினது நாலில ஒண்டு. பாதிச் சகோதரி எண்டு செல்றது ஊகம். சரி, ஓங்கட வாப்பாக்கு எத்தின எக்ஸ் நிறமூர்த்தம், எக்ஸ் குரோமோசோம்?"

"ஒண்டு."

"அதான். பொம்புளகளுக்கு ரெண்டு. ரெண்டையும் கலந்து வெட்டி ஒட்டித்தான் புள்ளக்கிக் குடுப்போம். ஆம்புளக்கி ஒண்டே ஒண்டு, கலக்கிறத்துக்கு ஜோடி இல்ல. அதால மகள்மார் எத்தின பேர் ஈந்தாலும் எல்லாருக்கும் அதே எக்ஸ் முழுசாப் போகும். நீங்களும் அந்தப் புள்ளயும் ஒரே வாப்பாட புள்ளகள் எண்டா, எக்ஸ் இந்த முனையில இருந்து அந்த முன மட்டும் ஒத்துப் போகணும். ஒரு எடத்துலயும் அறுந்திருக்க ஏலாது."

இருவருடைய தரவுகளையும் வேறொரு தளத்தில் ஒப்பிட வேண்டியிருந்தது. சாமினி கேட்டவுடன் தன்னுடையதை அனுப்பினாள். மூன்றாம் நாள் படம் வந்தது. எக்ஸ் நிறமூர்த்தம் ஒரு நீண்ட கோடு. ஒத்துப்போன இடங்கள் நீலம். நீலத்தில் மூன்று துண்டுகள் மட்டும் இருந்தன. இடையில் எல்லாம் வெறுமை.

"ஒஸ்வால்ட் விடுதலை" என்றார் ஜெஸீமா. "படத்த எடுத்து மாட்டுங்க."

புளோறன்ஸ் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப இவ ஆர்?"

"மச்சாள், மாமா மாமிட மகள் எண்டா எட்டில ஒண்டுதான் வரும். இது அதுபோல ரெண்டு மடங்கு. ஓங்கட வாப்பா பக்கத்தாலயும் உம்மா பக்கத்தாலயும் ஒரேயடியா மச்சாளான ஆரும் ஈக்கிறாங்களா?"

யோசிக்கத் தேவையிருக்கவில்லை. அறுபத்தைந்து ஏப்ரலில், ஒரே நாளில் ஒரே பீடத்தின் முன்னால் இரண்டு சோடிகள் நின்றன. மாற்றுச் சம்பந்தம். இரண்டு வீட்டிலும் சீதனம் கொடுக்க வழியில்லாததால், பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். ஒஸ்வால்ட் கிளெமென்றின் தங்கையை, புளோறன்ஸின் அம்மாவை, கட்டினார். கிளெமென்ற் ஒஸ்வால்ட்டின் தங்கை இமெல்டாவைக் கட்டினார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே நான்கு பேர்தான் பாட்டன் பாட்டிமார்; இரத்தமும் பாதிச் சகோதரிகளுக்கு வரும் அதே அளவில் வரும். எங்கோ இருந்து அந்தத் தளத்தைச் செய்தவர்களுக்கு இந்தக் கலியாணத்தைப் பற்றி என்ன தெரியும்? கோவில் பதிவேட்டில் ஒரே திகதியின் கீழ் அந்த இரண்டு பதிவுகளையும் தன் கையாலேயே பிரதிபண்ணி எடுத்தவள் புளோறன்ஸ். அவளுக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் மாமி வீட்டில் பிள்ளைகள் இல்லை.

ஒரு பிள்ளை பிறந்தது. எண்பத்துநான்கு பெப்ரவரியில்.

பதினெட்டு வருடம் காத்திருந்து தங்கிய கரு. வீடு எரிந்தபோது மாமிக்கு மூன்று மாதம். பிறகு கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்ட்டின் வீட்டில்தான் இருந்தார்கள். பிரசவம் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில். சுடுதண்ணிப் போத்தலோடு போன பதினெட்டு வயதுப் புளோறன்ஸுக்கு வாசலிலேயே சொன்னார்கள், பிள்ளை செத்துப் பிறந்தது என்று. உடலைத் தாங்களே அடக்கம் செய்துவிட்டதாகவும் சொன்னார்கள். கலவரம் முடிந்து ஏழு மாதம். எரிந்த வீட்டுத் தமிழன் ஒருவன் அங்கே நின்று சிங்களத்தில் கேள்வி கேட்பதா? கிளெமென்ற் மாமா காட்டிய இடத்தில் கையொப்பம் வைத்தார்.

மாமி மட்டும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "பிள்ளை அழுதது. நான் கேட்டனான்." மயக்க மருந்தில் அப்படித் தோன்றும் என்றாள் தாதி. ஆண்டவருடைய சித்தம் என்றார் குருவானவர். ஒரு தாதியும் ஒரு தரகனும் பிள்ளையைக் களவெடுத்து விற்றதை ஆண்டவரின் தலையில் கட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் அதைப் புண்ணியம் என்று சொல்லிக்கொண்டார்கள். புண்ணியத்துக்குக் கள்ளத் தாயின் கையொப்பம் எதற்கு? இரண்டு மூன்று வருடத்தில் மாமியும் அதைப்பற்றிக் கதைப்பதை நிறுத்தினார். புளோறன்ஸும் அவரை நம்பியதில்லை.

சனிக்கிழமை அவள் வெள்ளவத்தைக்குப் போனாள். லாச்சியில் கிடந்த இரண்டாவது பெட்டி கைப்பைக்குள் இருந்தது. ஏதாவது சாட்டுச் சொல்லி மாமியைத் துப்பவைத்து, முடிவு வந்தபிறகு சொல்லலாம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தாள். பிழையாகிப்போனால் இந்த வயதில் தாங்குவாரா? ஆனால் மாமிக்குத் தெரியாமல் மாமியின் பிள்ளையைப் பற்றி மற்றவர்கள் தீர்மானித்தது ஒருமுறை போதும். கதிரையில் இருத்தி, முதலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

மாமி அழவில்லை. நெடுநேரம் சேலைத் தலைப்பை மடித்து மடித்து விரித்தார்.

"அதுக்குத்தான் அண்ணனிட்டப் போகாமல் விட்டனீ?"

"ஓம் மாமி."

"விசரி. அந்த மனுசன் பூனைக்குட்டியக் கூட ஒருத்தருக்கும் குடுக்காது." பிறகு, "நிச்சயமே?" என்றார்.

"இல்லை. நீங்க துப்பினாத்தான் நிச்சயம். தாய் எண்டா சரி பாதி ஒத்துப் போகும். வேற விளக்கம் இல்லை. இல்லாட்டி இல்லைதான்."

"தா."

துப்புவது இலேசாக இருக்கவில்லை. அரை மணித்தியாலம் ஒன்றும் குடிக்கக்கூடாது. மாமியின் வாயோ வறண்டு கிடந்தது. குழாயில் கோடு வரை நிரம்ப வேண்டும். கால்வாசியில் நின்றுவிட்டது. புளோறன்ஸ் குசினிக்குப் போய் ஒரு புளிப்பான அம்பரல்லாக் காயை எடுத்துவந்து, மாமியின் மூக்குக்கு முன்னால் துண்டாக வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவினாள். தின்னவிடவில்லை.

"நீ ஒரு பொல்லாத சாமான்" என்றார் மாமி. ஆனால் வாய் ஊறிவிட்டது. குழாய் நிரம்பியது.

முடிவு வர எட்டுக் கிழமை. அதற்கிடையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மயானத்தில் ஒருவரும் இல்லாத நேரம், புளோறன்ஸ் மாதம்பிட்டிக்குப் போனாள். கல்லில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினாள். இரண்டு மெழுகுதிரி பற்றவைத்தாள், ஒன்று அந்த நவம்பருக்கு. செத்தவர்களுக்குக் காது கேட்கும் என்று அவள் நம்புவதில்லை. என்றாலும் "பிழை என்னிலதான் அப்பா" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

சனவரி கடைசியில் முடிவு வந்தது. சரி பாதி. தாய், மகள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியின் மேசையில், சீனிப் போத்தலில் சாய்த்துவைத்த தொலைபேசியில் சாமினியின் முகம் வந்தது. கிளெமென்ற் மாமாவின் அகன்ற நெற்றி. மாமிக்கு ஒல்லாந்து மொழி தெரியாது, சாமினிக்குத் தமிழ் தெரியாது. நடுவில் புளோறன்ஸ் இருந்தாள். சாமினி ஏதோ சொல்லத் தொடங்கி, முடியாமல், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமி திரைக்குக் கிட்டக் குனிந்தார். நாற்பது வருடமாக வைத்திருந்த கேள்வி ஒன்றுதான்.

"கேள் புளோறன்ஸ். பிறக்கேக்க அழுதவளோ எண்டு கேள்."

"அது அவளுக்கு எப்பிடி மாமி தெரியும்?"

"கேளன்."

புளோறன்ஸ் ஆங்கிலத்தில் கேட்டாள். சாமினி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். பிறந்தபோது எப்படியோ தெரியாது, ஆனால் தன்னைக் கூட்டிக்கொண்டு போன விமானத்தில் கொழும்பிலிருந்து கடைசி மட்டும் ஓயாமல் அழுததாகவும், பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து இடம் மாறியதாகவும் வளர்த்த அம்மா எப்போதும் சொல்லுவார் என்றாள். அவ்வளவு பெரிய குரலாம்.

புளோறன்ஸ் அதைத் தமிழில் சொன்னாள்.

மாமி கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

"பாத்தியே" என்றார். "நான் கேட்டனான் எண்டு சொன்னனான் தானே."