கதர், பகாவத், நடுவில் நான்

இரண்டு பேர் பேச்சுக்கு நடுவே நிற்கிற வேலையில், தப்பாகச் சொன்னால் நமக்குத் திட்டு. சரியாகச் சொன்னால் வேறு யாருக்கோ வேலை போகும். என்னைப் போல இரண்டு மொழி தெரிந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். நான் வீட்டில் உருது பேசுகிறவள். நெய்வேலியில், மைன்ஸ் வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்ட்ராக்டர் ஆபீசில், ஜார்க்கண்ட் தொழிலாளிகள் இந்தியும் உருதுவும் கலந்து சொல்வதைத் தமிழில் சொல்வது என் பிழைப்பு.

துணி இல்லை

சேர்ந்த முதல் வாரம். சாப்பாட்டு நேரத்தில் தொழிலாளிகள் 'கதர், கதர்' என்று பேசியதைக் கேட்டுவிட்டு, சூப்பர்வைசர் செல்வராசு, "யாருக்கும்மா கதர் சட்டை வேணுமாம்?" என்றார். பக்கத்துக் கம்மாபுரத்துக்காரர். நான் பெருமையாக விளக்கினேன்: அது அரபியிலிருந்து உருதுவுக்கு வந்த சொல், கலகம் என்று அர்த்தம், கேன்டீன் தள்ளுமுள்ளைத்தான் இவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். கடைசி வரி அவர் காதில் ஏறவேயில்லை.

"அப்ப கலகத்தப் பத்தியா இவ்ளோ நேரம் சிரிச்சிப் பேசிக்கினு இருந்தானுங்க?"

மனவருத்தம்

மே மாத வெயில். சைட்டுக்குக் குடிதண்ணீர் வண்டி இரண்டு நாளாக வரவில்லை. ஒருவர் மயங்கி விழுந்ததும் மற்றவர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்காகப் பேச வந்தவர் ஆலம். மேனேஜர் மேஜைக்கு முன்னால் நின்று, தண்ணீர் வராவிட்டால் 'பகாவத்'தான் என்றார். இதுவும் அரபியில் பிறந்த சொல். இதற்கும் கலகம் என்றுதான் அர்த்தம். பக்கத்தில் நின்ற செல்வராசு என்னையே பார்த்தார். அப்படியே சொன்னால் ஆலமின் கேட் பாஸும் அதோடு வேலையும் போய்விடும். "ரொம்ப மனவருத்தமா இருக்காங்க சார்" என்றேன். மேனேஜர் பேனாவை மூடினார்.

"வருத்தம்தானே, ரெண்டு நாள்ல சரியாயிடும். வேலைக்குப் போகச் சொல்லுங்க."

அதே சொல்

அதை ஆலமிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "நான் சொன்னதைச் சொன்னீங்களா, தீதி?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டார். இரண்டாவது பொய் வாயில் வரவில்லை. மேனேஜர் பக்கம் திரும்பி, "சார், நான் மாத்திச் சொல்லிட்டேன். தண்ணி வரலைன்னா கலகம்தான்னு சொல்றாரு" என்றேன். அவர் எழுந்து போனை எடுத்தார். போலீசைத்தான் கூப்பிடுகிறாரோ என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வண்டி வந்தது. மறுநாள் ஆலமின் கேட் பாஸை வாங்கிவிட்டார்கள்.

ஊருக்குக் கிளம்பிப் பையோடு வந்த ஆலமிடம், 'மனவருத்தம்' என்று நான் முதலில் சொன்னதிலேயே நின்றிருக்க வேண்டும் என்று அழுதேன். அவர் உருதுவில் சொன்னதை மாற்றாமல் தமிழில் தருகிறேன்:

"அந்த வார்த்தைக்குத் தண்ணி வரலையே, தீதி."

இப்போதெல்லாம் சொன்னதைச் சொன்னபடியே சொல்லிவிட்டு, கேட்டவர் முகத்தைப் பார்க்காமல், தண்ணீர் வண்டி வருகிறதா, யாராவது பையோடு போகிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொள்கிறேன்.