ரோஸ் குண்டு குடித்த கிணறு

தீவில் பூக்கன்று விற்பவளுக்குக் கன்று வாடினால் ஒரு ஏச்சு, பூத்தால் இரண்டு ஏச்சு. இதே தொழிலில் கிடந்து மாரடிக்கும் சகோதரங்களே, நீங்கள் வாங்காததா?

கரம்பொனில் எங்கள் ஒழுங்கை வீடுகளில் உவராகாத கிணறு என்னுடையது ஒன்றுதான். அதை நம்பித்தான் கன்று வளர்க்கத் தொடங்கினேன். ஒழுங்கைச் சனமும் அதை நம்பித்தான் உலை வைத்தது. நான் வளர்ப்பது நிலத்தில் படர்ந்து, இளஞ்சிவப்பில் சின்னச் சின்ன உருண்டையாகப் பூக்கும் செடி. புத்தகத்தில் பெயர் பேர்சிக்காரியா, எங்கள் வாயில் ரோஸ் குண்டு. கோடையில் ஒருநாள் தண்ணீர் விடாவிட்டால் சுருண்டுவிடும்.

கமரா

சந்தியில் ஒரு பூட்டிய வீடு, சொந்தக்காரர் கனடாவில். மதிலோரம் முழுக்க ரோஸ் குண்டு வேண்டும் என்றார். அவர் வளவுக் கிணறு உவர். என் கிணற்றில் மோட்டர் போட்டு இறைத்து, தள்ளுவண்டிலில் பிளாஸ்டிக் கான் கானாகக் கொண்டுபோய் ஊற்றினேன். படலைக்கு வெளியே அடுத்த ஒழுங்கைச் சனம் குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றது. நான் நிமிர முன் போன் அடித்தது.

“அக்கா, அந்த மூலைக்குக் காணாது. இன்னும் கொஞ்சம் விடுங்கோ, நான் கமராவில பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.”

குடும்பம்

வேலணையில் ஒரு வீட்டு முற்றம் முழுக்க வைத்தேன். மகளின் கலியாணத்துக்கு லண்டனிலிருந்து வந்த வீட்டுக்கார அம்மா, போனில் செடியின் பெயரைத் தேடிப் பார்த்தார். நொட்வீட் குடும்பம் என்று கண்டதும் முகம் செத்துப்போனது. அந்தக் குடும்பத்துச் செடியொன்று லண்டனில் வளவுக்குள் வந்தால் வீடு விலைபோகாதாம், வங்கியும் கடன் கொடுக்காதாம். இது வேறு இனம், சாது, நான் தண்ணீர் விடாவிட்டாலே செத்துவிடும் என்றேன். மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பதுபோல் துருவித் துருவிக் கேட்டார். அத்தனை நாள் இறைத்து ஊற்றிய தண்ணீரை நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

“குடும்பம் சரியில்லையெண்டா பிறகென்ன கதை? எல்லாத்தையும் கொத்தி எறியுங்கோ.”

தேத்தண்ணீர்

இந்த ஆவணியில் வீட்டுத் தேத்தண்ணீரின் ருசி மாறியது. நானும் கணவரும் சீனியைக் கூடுதலாகப் போட்டுக் குடித்தோம். பக்கத்து வீட்டு ஜெசிந்தா, புருஷன் கடலுக்குப் போனதும் தினமும் எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ள வருபவள், ஒரு காலை வாளியில் இருந்து ஒரு மிடறு குடித்துவிட்டு, உவர் என்று துப்பினாள். வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் தோட்டத்தைப் பார்த்தாள். சண்டை பிடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“நல்லாப் பூத்திருக்கு அக்கா. எங்கட நல்ல தண்ணி முழுக்க இதுக்குள்ளதான் நிக்குது.”

இப்போது சந்தியில் பவுசர் வரிசையில் ஜெசிந்தாவுக்குப் பின்னால் நானும் குடத்தோடு நிற்கிறேன், கனடாக்காரர் கமராவில் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.